தாத்தா, பாட்டி ஏன் விழுகிறார்கள்?

படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு எழுந்து நில்லுங்கள். இரு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கைகளைத் தொங்கவிடுங்கள். அசையாமல் நிற்கிறீர்கள் அல்லவா? இப்போது கண்களை மூடிக்கொண்டு, மனத்தைப் பாதங்களில் மட்டும் செலுத்துங்கள். ஒரு கணம் குதிகாலில் பாரம் கூடுகிறது. மறுகணம் அது விரல்களுக்குப் போகிறது. கெண்டைக்கால் தசை இறுகுகிறது, தளர்கிறது, மீண்டும் இறுகுகிறது. நீங்கள் அசையாமல் நிற்கவே இல்லை! ஒவ்வொரு கணமும் எங்காவது ஒரு பக்கம் சாயத் தொடங்குகிறீர்கள். அந்தச் சாய்வை உடல் உடனே பிடித்து நிறுத்துகிறது. நிற்பது என்பது விடாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலை. உங்கள் வயதில் அந்த வேலை உங்களுக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. உங்கள் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அப்படி இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட கணக்குப்படி, கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். “வயசானால் விழத்தானே செய்வார்கள்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விழுவதற்குக் காரணங்கள் உண்டு. காரணம் தெரிந்தால் பலவற்றைத் தடுக்கலாம். அதில் பள்ளிக்கூடம் போகும் உங்களாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் விழாமல் நிற்பது எப்படி என்று பார்ப்போம். ஒரு பொருள் சாயாமல் நிற்க வேண்டுமானால், அதன் புவியீர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழாக வரையும் கோடு, அந்தப் பொருள் ஊன்றியிருக்கும் பரப்புக்குள் விழ வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நேராக நிற்கும் மனிதனின் புவியீர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஊன்றியிருக்கும் பரப்போ இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இடமும்தான். பசுவுக்கு நான்கு கால், மேசைக்கு நான்கு கால். நமக்கு இரண்டே கால், அவற்றின்மேல் இத்தனை உயரம்!

இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். வலது தோள், வலது இடுப்பு, வலது பாதத்தின் ஓரம் மூன்றும் சுவரோடு ஒட்டியிருக்குமாறு நில்லுங்கள். இப்போது இடக்காலைத் தூக்குங்கள். தூக்க முடியாது! வலக்காலில் மட்டும் நிற்க வேண்டுமானால் உடல் முழுவதும் சற்று வலப்பக்கம் நகர வேண்டும். சுவர் அதைத் தடுக்கிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் இப்படி ஒரு காலின்மேல் மாறி மாறி நகர்கிறது. அதாவது, நடக்கும் நேரத்தில் பெரும்பகுதி நாம் ஒற்றைக்காலில் நிற்கிறோம்.

அடுத்தது, நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பாதங்களை நாற்காலிக்கு முன்னால் வைத்து, துளியும் முன்னே சாயாமல் எழ முயலுங்கள். எத்தனை பலசாலியானாலும் முடியாது. புவியீர்ப்பு மையம் நாற்காலியின்மேல் இருக்கிறது. அதைப் பாதங்களுக்கு மேல் கொண்டுவந்தால்தான் எழலாம். பாட்டி எழும்போது முழங்காலில் கை ஊன்றி, “அப்பாடா” என்று முன்னால் குனிவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

மூன்று ஒற்றர்கள்

உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? மூன்று ஒற்றர்கள் ஓயாமல் செய்தி அனுப்புகிறார்கள்.

முதல் ஒற்றர் காதுக்குள் இருக்கிறார். உட்செவியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. அவற்றுக்குள் திரவம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்க, அதனால் நுண்ணிய மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி போகிறது. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல, அருகில் உள்ள இரண்டு சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. வியன்னாவில் காது டாக்டராக இருந்த ராபர்ட் பாரனி, நோயாளிகளின் காதைத் தண்ணீரால் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். தண்ணீர் உடல் சூட்டில் இருந்தால் சுற்றவில்லை. அதைவிடக் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் சுற்றியது. குழலில் உள்ள திரவம் சூட்டு வேறுபாட்டால் நகர்கிறது என்று அவர் கண்டார். இந்த ஆராய்ச்சிக்கு அவருக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார்!

இரண்டாம் ஒற்றர் கண். இதன் செல்வாக்கு எவ்வளவு தெரியுமா? 1974ல் டேவிட் லீ, எரிக் ஆரன்சன் என்ற இருவர் எடின்பரோவில் ஒரு விந்தையான அறையைக் கட்டினார்கள். அறையின் சுவர்கள் தரையைத் தொடாமல் தொங்கின. தள்ளினால் நகரும், தரை நகராது. அதற்குள் புதிதாக நடக்கப் பழகிய குழந்தைகளை நிற்க வைத்து, எதிர்ச்சுவரைச் சற்றே அவர்களை நோக்கி நகர்த்தினார்கள். குழந்தைகள் பின்னால் சாய்ந்தார்கள். சிலர் தொப்பென்று உட்கார்ந்தே விட்டார்கள்! தரை அசையவில்லை, யாரும் தொடவில்லை. “நான் முன்னால் விழுகிறேன்” என்று கண் சொன்ன பொய்யை நம்பி உடல் பின்னால் சாய்ந்துவிட்டது.

மூன்றாம் ஒற்றர் பாதமும் மூட்டுகளும். உள்ளங்காலில் எங்கே அழுத்தம் கூடுகிறது, கணுக்கால் எத்தனை வளைந்திருக்கிறது என்று நரம்புகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பெர்லின் டாக்டர் மோரிட்ஸ் ரோம்பெர்க் 1840களில் எழுதிய நூலில் ஒரு சோதனையை விவரித்தார். தண்டுவட நரம்புகள் பழுதுபட்ட நோயாளிகள் கண் திறந்திருக்கும்போது நின்றார்கள். கண்ணை மூடியதும் தள்ளாடினார்கள். பாதத்திலிருந்து செய்தி வராததால் கண்ணை மட்டுமே அவர்கள் நம்பியிருந்தார்கள். தொடக்கத்தில் நீங்கள் செய்தீர்களே, அது ஏறக்குறைய இதே சோதனைதான். இன்றும் நரம்பு டாக்டர்கள் இதைச் செய்கிறார்கள்.

வயது என்ன செய்கிறது?

வயதாகும்போது மூன்று ஒற்றர்களும் சோர்ந்து போகிறார்கள். 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேருகிறது. கண்ணின் பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளிக்கிறது. புரை விழுந்தால் இன்னும் குறைவு. உங்களுக்குப் போதுமான பல்பு வெளிச்சம் பாட்டிக்கு அந்திக் கருக்கல் போலத்தான். வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் அவர் கண் பழகவும் அதிக நேரமாகும். ஆகவே அவர் வாசலில் ஒரு கணம் நின்றால், பின்னாலிருந்து அவசரப்படுத்தாதீர்கள்.

மூக்குக் கண்ணாடியையும் கவனியுங்கள். மேல் பாதி தூரத்துக்கு, கீழ் பாதி படிப்பதற்கு என்று இரண்டு பகுதி உள்ள கண்ணாடி பலருக்கு உண்டு. புத்தகத்துக்காகச் செய்த அந்தக் கீழ்ப் பகுதி வழியாகப் படிக்கட்டைப் பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். படி இறங்கும்போது தலையையே குனிந்து, மேல் பகுதி வழியாகப் பார்க்க வேண்டும்.

காதில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் சில சமயம் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடும். படுக்கையில் புரண்டாலோ அண்ணாந்து பார்த்தாலோ வீடே சுற்றும். “எனக்குப் பித்தம்” என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்காக இதோடு வாழ்பவர்கள் உண்டு. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகும் முறையை ஜான் எப்லி என்ற அமெரிக்க டாக்டர் 1992ல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். மருந்தில்லை, ஊசியில்லை; டாக்டர் சில நிமிடங்களில் செய்துவிடுவார்.

பாதத்தின் உணர்ச்சியைப் பொறுத்தவரை நம் ஊரில் பெரிய எதிரி சர்க்கரை வியாதி. பல ஆண்டு சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கால் நரம்புகள் மரத்துப்போகின்றன. “பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது” என்று தாத்தா சொன்னால் அது வெறும் பேச்சல்ல. மூன்றாவது ஒற்றர் வேலையை நிறுத்திக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

செய்தி சரியாக வந்தாலும் தசை வேலை செய்ய வேண்டுமே! நம் தசையில் மெதுவாகச் சுருங்கும் இழைகளும் விரைவாகச் சுருங்கும் இழைகளும் கலந்திருக்கின்றன. வயதில் அதிகம் தேய்வது விரைவு இழைகள். தடுக்கியதும் சட்டென்று காலை முன்னால் வைத்து நம்மைக் காப்பவை இவைதான். நின்ற நிலையிலிருந்து தரையில் விழ ஒரு விநாடி கூட ஆவதில்லை. ஒரு 30 செ.மீ. அளவுகோலை மேலிருந்து தொங்கவிட்டு, சொல்லாமல் விட்டு, இரு விரலால் பிடிக்கச் சொல்லுங்கள். 20 செ.மீ. நழுவியபின் பிடித்தால் 0.2 விநாடி ஆகியிருக்கிறது. நீங்களும் செய்யுங்கள், பாட்டியையும் உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் கையில் சில சென்டிமீட்டர் கூடுதலாக நழுவும். அந்தச் சிறு தாமதம்தான் தடுமாறுவதற்கும் விழுவதற்கும் உள்ள வித்தியாசம்.

சமதரையில் நடக்கும்போது முன்னே வீசும் காலின் நுனி தரையைவிட்டு எவ்வளவு உயரத்தில் போகிறது என்று நினைக்கிறீர்கள்? ஒரு சாண்? அரைச் சாண்? மிகத் தாழ்ந்த இடத்தில் வெறும் 1 முதல் 2 செ.மீ. தான்! இளைஞர்களுக்கும் அவ்வளவுதான். உடல் வீணாகக் காலைத் தூக்குவதில்லை. அதனால் சுருண்ட கால்மிதியின் ஓரம், தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கல், தரையில் ஓடும் மின்சார ஒயர் எல்லாமே போதும். இளைஞர் தடுக்கினால் இன்னொரு காலை வைத்துச் சமாளிக்கிறார்.

படிக்கட்டிலும் இதே கதைதான். நியூயார்க் நகரில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டில் ஒரே ஒரு படி மட்டும் மற்றவற்றைவிடச் சிறிதளவு உயரமாக இருந்தது. 2012ல் ஒருவர் அங்கே காமிராவுடன் நின்று, அந்தப் படியில் ஆட்கள் வரிசையாகத் தடுக்குவதைப் படம் பிடித்தார். இளைஞர், கிழவர், குழந்தையைத் தூக்கி வந்தவர், எல்லாரும் தடுக்கினார்கள். முதல் சில படிகளிலேயே கால் உயரத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. பிறகு கண் பார்ப்பதில்லை. நம் வீடுகளில் படி கட்டிய பிறகு தரைக்கு டைல்ஸ் போடுகிறார்கள். அதனால் அடிப்படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் மற்றவற்றோடு ஒத்துப்போவதில்லை. உங்கள் வீட்டுப் படிகளை அளவுகோலால் அளந்து பாருங்கள், வியப்பாக இருக்கும்.

எழுந்ததும் ஏன் கண் இருட்டுகிறது?

ஐந்து நிமிடம் படுத்திருங்கள். நாடித் துடிப்பை எண்ணுங்கள். எழுந்து நின்று உடனே மறுபடியும் எண்ணுங்கள். கூடியிருக்கும். ஏன்? எழுந்தவுடன் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் புவியீர்ப்பால் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலே உள்ள பெருந்தமனியிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் உள்ளன. அவை எச்சரித்ததும் இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் காப்பாற்றப்படுகிறது. வயதானவர்களுக்கு இந்த ஏற்பாடு மந்தமாகிவிடுகிறது. ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, சில சளி மாத்திரைகள், தண்ணீர் போதாமை ஆகியவை இதை மேலும் கெடுக்கும். விடியற்காலை இரண்டு மணிக்குச் சிறுநீர் அவசரத்தில் சட்டென்று எழுந்து, கொசுவலைக்குள்ளிருந்து காலை விடுவித்து, இருட்டில் நாலு அடி வைத்தால் என்ன ஆகும்?

எழும் வழி இது: முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். கணுக்காலைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும். பிறகு பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு கணம் நின்று, அதன்பின் நடக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தலை சுற்றுகிறது என்பதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்தக் கூடாது. எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டட்டும். ஒருவர் நாலைந்து மருந்துக்கு மேல் சாப்பிட்டால் விழும் வாய்ப்பும் கூடுகிறது என்பது டாக்டர்களுக்குத் தெரியும். ஆனால் கண் டாக்டர் கொடுத்தது சர்க்கரை டாக்டருக்குத் தெரியாமல் போகலாம்.

நடப்பதற்கு மூளையின் கவனமும் வேண்டும். ஸ்வீடனில் முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு ஆராய்ச்சியாளர்கள் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள்! 1997ல் வெளியான இந்த ஆய்வில் கருவி எதுவும் இல்லை, கவனித்தது மட்டும்தான். இப்படிக் கவனிக்க உங்களாலும் முடியும். தாத்தா படி இறங்கும்போது, “தாத்தா, என் பேனாவைப் பார்த்தீர்களா?” என்று கத்துவதை நிறுத்தவும் முடியும்.

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு சுற்று

வீட்டை இரண்டு முறை சுற்றி வாருங்கள், பகலில் ஒருமுறை, இரவில் விளக்கணைத்தபின் ஒருமுறை. பாட்டி படுக்குமிடத்திலிருந்து கழிப்பறை வரை அவர் போகும் வழியிலேயே போங்கள். சுவிட்ச் எங்கே? அதை எட்டுவதற்கு முன் எத்தனை அடி இருட்டில் வைக்க வேண்டும்? வழியில் ஸ்டூல், தம்பியின் மூன்று சக்கர வண்டி, தண்ணீர்க் குடம் ஏதாவது இருக்கிறதா? நிலைப்படி உயர்ந்திருக்கிறதா? கொல்லைப்புறத்தில் குழாயடியில் பாசி பிடித்திருக்கிறதா? விடிகாலையில் வாசல் தெளித்த ஈரம் எந்தப் பக்கம் ஓடுகிறது?

வழுக்குவதைப் பற்றி ஒரு சோதனை. மீந்துபோன ஒரு டைல்ஸ் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ரப்பர் செருப்பு ஒன்றை வைத்து, செருப்பின்மேல் ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். கல்லின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். செருப்பு நழுவத் தொடங்கும் உயரத்தை, கல்லின் இரு முனைகளுக்கும் நடுவே தரையில் அளந்த தூரத்தால் வகுத்தால் உராய்வு எண் கிடைக்கும். சமதரையில் சாதாரணமாக நடக்க ஏறக்குறைய 0.2 வேண்டும். உலர்ந்த கல்லில், ஈரக் கல்லில், சோப்புத் தண்ணீர் தடவிய கல்லில் என்று மூன்று முறை செய்யுங்கள். புதுச் செருப்பையும் அடி தேய்ந்த செருப்பையும் ஒப்பிடுங்கள். உண்மையில் நடக்கும்போது நிலைமை இதைவிட மோசம். குதிகால் வேகமாக இறங்குவதால் இடையில் உள்ள நீர்ப்படலம் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. (சோதனை முடிந்ததும் தரையை நன்றாகத் துடைத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையால் பாட்டி விழுந்தார் என்ற பழி எனக்கு வேண்டாம்!)

குளிக்குமிடமும் கழிப்பறையும்தான் அதிகக் கவனம் வேண்டியவை. அங்கே ஈரம், சோப்பு, குனிந்து நிமிர்தல் மூன்றும் சேர்கின்றன. கீழே குந்தி உட்காரும் கழிப்பறையிலிருந்து எழத் தொடைத் தசைக்குப் பெரும் பலம் வேண்டும். எழுந்ததும் ரத்த அழுத்தமும் இறங்கும். சுவரில் ஓர் இரும்புக் கைப்பிடியைப் பதித்துவிட்டால் பாதிக் கவலை தீரும். துண்டு தொங்கவிடும் கம்பி இதற்கு உதவாது. ஆள் பாரம் விழுந்தால் ஆணியோடு கையில் வந்துவிடும். குழாயும் அப்படித்தான். குளிக்க, ஆடாத முக்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், உள்ளே விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டிருப்பார். யாரும் நுழைய முடியாது. பெரியவர்கள் தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்திவிட்டு, வெளியே ஒரு துண்டைத் தொங்கவிடுவது நல்ல ஏற்பாடு.

படியின் ஓரங்களில் பட்டையாக வெள்ளை அல்லது மஞ்சள் வண்ணம் அடித்தால் அவர்கள் கண்ணுக்குப் படி பிரிந்து தெரியும். ஒரு டப்பா வண்ணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். படுக்கைக்கு அருகில் ஒரு டார்ச்சோ, இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கோ இருக்கட்டும். வேட்டி, புடவையின் கீழ் ஓரம் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். வெறும் காலுறையோடு டைல்ஸில் நடப்பது ஆபத்து.

ஒன்று சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் பாட்டியைக் கேட்காமல் செய்யாதீர்கள். அவர் முப்பது ஆண்டாகப் புழங்கும் அறையில் ஒரு பெட்டியை இடம் மாற்றினால், இருட்டில் பழைய இடத்தை நினைத்து நடந்து புதிய இடத்தில் இடித்துக்கொள்வார். வீடு அவருடையதும்தான்.

மூன்று மீட்டர் நடை

தாத்தாவின் நடை எப்படி இருக்கிறது என்று அறிய டாக்டர்கள் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் அருகில் நிற்கச் செய்யலாம். கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். தாத்தா எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். நேரத்தைக் குறியுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எழும்போது எத்தனை முறை முயல்கிறார், திரும்பும்போது தடுமாறுகிறாரா, சுவரைப் பிடிக்கிறாரா என்பவையும் முக்கியம். இது மார்க் போடும் தேர்வு அல்ல. கேலி செய்தீர்களானால் அடுத்த முறை அவர் விழுந்ததைக்கூட உங்களிடம் சொல்ல மாட்டார். பல முதியவர்கள் விழுந்ததை மறைத்துவிடுகிறார்கள், நடமாட்டத்தைத் தடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தால்.

அந்த அச்சம் நியாயமானதுதான். ஒருமுறை தடுமாறியதும், “நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று வீட்டார் அன்போடு சொல்லிவிடுகிறார்கள். இதைவிடக் கெடுதலான அன்பு இல்லை. 2007ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் பத்தே நாள் படுக்கையில் இருந்தபோது அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துபோனது. நடக்காவிட்டால் தசை தேயும். தசை தேய்ந்தால் விழுவார். விழுந்தால் இன்னும் நடக்கமாட்டார்.

தசையை எந்த வயதிலும் வலுப்படுத்தலாம். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1990களில் உருவான ஓட்டாகோ பயிற்சி முறையில், வீட்டிலேயே கால் வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்த முதியவர்கள் விழுவது 35 சதவீதம் குறைந்தது. உலகெங்கும் நடந்த 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் தொகுப்பு, உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைக்கிறது என்று கண்டது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரோரமாக ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடப்பது: இவ்வளவுதான். டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். நீங்களும் பக்கத்தில் நின்று செய்தால் பாட்டி நாள் தவறமாட்டார்.

கைத்தடி பற்றிப் பலருக்கு வெட்கம். உண்மையில் அது ஊன்றும் பரப்பைப் பெரிதாக்கும் மூன்றாம் கால். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரமே தடிக்குச் சரியான உயரம். ஒரு கால் வலித்தால் தடி எந்தக் கையில்? பலரும் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அது தவறு; எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் கால் தரையில் ஊன்றும்போது தடியும் சேர்ந்து ஊன்ற, பாரம் பங்கிடப்படுகிறது. தடியின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுந்துவிட்டால்

வயதானவர்களின் எலும்பில், சிறப்பாக மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பில், சுண்ணாம்புச் சத்துக் குறைந்து உள்ளே ஓட்டைகள் பெருகியிருக்கும். பக்கவாட்டில் விழுந்து இடுப்புத் தரையில் மோதினால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறியலாம். அந்தக் கழுத்தை ஒட்டித்தான் எலும்பின் தலைக்கு ரத்தம் போகிறது. ஆகவே அது தானாகக் கூடுவது கடினம். பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டும். நீண்ட நாள் படுத்திருந்தால் நுரையீரலில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும், காலில் ரத்தம் உறையும். இடுப்பு எலும்பு முறிந்தவர்களைக் கொல்வது பெரும்பாலும் முறிவு அல்ல, இந்தப் படுக்கைதான். அதனால்தான் டாக்டர்கள் விரைவில் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நிற்க வைக்கப் பார்க்கிறார்கள்.

பாட்டி விழுந்துவிட்டால் பதறி அக்குளைப் பிடித்துத் தூக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். இடுப்பில் வலி, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிவது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் அசைக்காமல் போர்வை போர்த்திவிட்டு, பெரியவர்களைக் கூப்பிட்டு, 108க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அடி இல்லையென்றால் அவரே எழட்டும். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலும் கையும் ஊன்றி, ஆடாத நாற்காலி வரை தவழ்ந்து, அதில் இரு கைகளையும் வைத்து, பலமான காலை முதலில் ஊன்றி எழ வேண்டும். நாற்காலியை நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தலையில் அடிபட்டிருந்தால், “எனக்கு ஒண்ணுமில்லடா, நீ போய்ப் படி” என்று அவர் சொன்னாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். முதுமையில் மூளை சற்றுச் சுருங்கி, மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே ஓடும் சிறு ரத்தக் குழாய்கள் இழுபட்டு இருக்கும். சிறிய அடியிலும் அவை அறுந்து, ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நாட்கள், சில சமயம் வாரங்கள் கழித்துத் தலைவலி, அளவுமீறிய தூக்கம், பேச்சில் குழப்பம், ஒரு பக்கம் கை கால் தளர்வு என்று அது வெளிப்படும். அப்போது யாருக்கும் விழுந்தது நினைவிருக்காது. ஆகவே விழுந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்; டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.